மெரிண்டாவைக் கேட்டுச் சொல்கிறேன்

பிராண்டி ஸ்டேஷன் முகாம், வர்ஜீனியா
1863, டிசம்பர் 13

அன்பு லவீனாவுக்கு,

நான் நலம். என்னைவிட இந்த ஊர்ச் சேறு நலம். போன வாரம் கணுக்கால் அளவு இருந்தது, இப்போது முழங்கால்வரை வளர்ந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய், விறகு போதுமான அளவு அடுக்கியாகிவிட்டதா, கொட்டகைக் கூரை ஒழுகுவது நின்றதா என்று எழுது. ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு நாங்கள் குடித்துக் கூத்தடிக்கிறோம் என்று போதகரின் மனைவி சொன்னாளாமே. இங்கே பிராண்டி பெயரில் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது காப்பி. அதிலும் பாதி மண்.

குளிர்காலம் முடியும்வரை தெற்கத்திக்காரர்களோடு சண்டை இருக்காது என்று குடில் கட்டிக்கொண்டோம். நானும் ஆல்வா கிம்பலும் லூசியஸ் ராக்கும் ஒரே குடில். சுவர் மரக்கட்டை, கூரை கூடாரத் துணி, புகைபோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு காலிப் பீப்பாய்கள். போன செவ்வாய்க்கிழமை லூசியஸ், சார்ஜெண்டுடைய குடிலின் புகைபோக்கி வாயில் ஒரு பலகையை வைத்து மூடிவிட்டான். உள்ளே இருந்த நாலு பேரும் இருமிக்கொண்டே ஓடி வந்தபோது இவன் வாசலில் நின்று, 'என்ன சார், தீப்பிடிச்சிருச்சா?' என்று விசாரித்தான். இன்றுவரை அவன்தான் என்று சார்ஜெண்டுக்குத் தெரியாது. நீயும் அவன் அம்மாவிடம் சொல்லாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் காற்றுவாக்கில் வந்திருக்கும். ஆனாலும் நம் ஊர்க் கடைக்கு வந்து சேரும்போது எந்தச் செய்திக்கும் கொம்பு முளைத்துவிடும் என்பதால் சரியாகச் சொல்லிவிடுகிறேன். வருகிற ஜூலையோடு எங்கள் மூன்று வருஷம் முடிகிறது. இப்போதே இன்னொரு மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கொடியோடு, எல்லோரும் ஒன்றாக, ரயிலில். சட்டைக் கையில் ஒரு பட்டையும் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பையன்கள் இருக்கும் இந்தக் கம்பெனியில் முக்கால் பங்குப் பேர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனிக்கு விடுப்பும் இல்லை, ஜூலைக்குப் பிறகு கம்பெனியும் இல்லை. கையெழுத்துப் போட்டு மிச்சம் இருப்பவர்களை முன்பின் தெரியாத ரெஜிமெண்டில் கொண்டுபோய்ச் சொருகிவிடுவார்கள்.

கேப்டன் ஸ்டோடர்ட் நன்றாகத்தான் பேசினார். நம் ஊரில் மர அறுப்பு ஆலை வைத்திருந்தவர் ஆயிற்றே, சத்தமாகப் பேசிப் பழக்கம். நாட்டைச் சொன்னார், கொடியைச் சொன்னார், இன்னும் விலங்கு கழலாத அடிமைகளைச் சொன்னார். எல்லாம் உண்மை. பேசி முடித்ததும் நாங்கள் வரிசையாக வந்து பேனாவைப் பிடிப்போம் என்று எதிர்பார்த்தார். நம் ஊர்க்காரர்களைத் தெரியாதா? மூன்று பேர் சேர்ந்தாலே ஊர்க்கூட்டம் போட வேண்டும் இவர்களுக்கு. கூட்டத் தலைவர் யார் என்று கேட்டான் ஒருவன். தீர்மானத்தை முதலில் படியுங்கள் என்றான் இன்னொருவன். இவரைக் கேப்டனாகக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தது நாம்தானே, கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று பின்னால் ஒரு குரல். கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆனாலும் சூடு இருக்கும்போதே பெரும்பாலானவர்கள் போட்டுவிட்டார்கள். லூசியஸ் முதல் ஆள். பிறகு ஆல்வாவின் முறை வந்தது. உனக்குத்தான் அவனைத் தெரியுமே, எருது பூட்டி மரம் இழுப்பவன், பேச்சும் எருது நடைதான். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, 'மெரிண்டாவைக் கேட்டுச் சொல்றேன் சார்' என்றான்.

கம்பெனியே சிரித்தது. சிப்பாய்க்குப் பெண்டாட்டி உத்தரவு எதற்கு என்று கேட்டார் கேப்டன். ஆல்வாவுக்கு முகம்கூடச் சிவக்கவில்லை.

'உத்தரவு இல்ல சார். கிளம்புறப்ப மூணு வருஷம்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சோம். ரெண்டு பேரா பேசினத நான் ஒருத்தனா மாத்த முடியாது.'

அவ்வளவுதான். போய்க் குடிலில் உட்கார்ந்து பென்சிலைச் சீவி எழுத ஆரம்பித்துவிட்டான். லூசியஸ் சும்மா இருப்பானா? மாவுச் சாக்கை வெட்டி, நாடா தைத்து, ஒரு சமையல் அங்கி செய்து எங்கள் கதவில் தொங்கவிட்டான். கிம்பல் வீட்டம்மா இங்கே இருக்கிறார் என்று கரியால் பலகையும் எழுதி வைத்தான். ஆல்வா வெளியே வந்தான், பார்த்தான், அங்கியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். அன்று முழுவதும் அதைக் கட்டிக்கொண்டே குழி தோண்டி, பானையில் பீன்ஸும் உப்புப் பன்றிக்கறியும் வெல்லப்பாகும் போட்டுப் புதைத்து வேகவைத்தான். மறுநாள் காலை முதல் கரண்டியை லூசியஸுக்கே போட்டான். கேப்டன் சுற்றிப் பார்க்க வந்தபோதும் அங்கியோடுதான் சல்யூட் அடித்தான். 'வசதியா இருக்கு சார், சட்டை அழுக்காகல' என்றான். ஃப்ரெடரிக்ஸ்பர்க் குன்றில் குண்டு மழைக்கு நடுவே லூசியஸை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கி வந்த ஆள் இவன். கோழை என்று இவனைச் சொல்ல லூசியஸுக்கே வாய் வரவில்லை. அதனால்தான் அங்கி.

இந்த மனிதனோடு மூன்று குளிர்காலம் ஒரே போர்வைக்குள் படுத்திருக்கிறேன், லவீனா. இவ்வளவு பெரிய ஆள் என்று இப்போதுதான் தெரிந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். என் பெயரைக் கூப்பிட்டபோது வலது கைக்கு நகச்சுத்தி வந்திருக்கிறது, பேனா பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். விரலில் ஒரு துணியையும் சுற்றிக்கொண்டேன். விரல் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அதே விரலால்தான் எழுதுகிறேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு மாத விடுப்பு என்று கேப்டன் சொன்னதுமே எனக்கு நம் வீடு ஞாபகத்துக்கு வரவில்லை, கல்லறைத் தோட்டம்தான் வந்தது. அக்டோபரில் தொண்டை அடைப்பான் வந்து நம் பிள்ளை சைலஸ் போனான் என்று நாலு வரி எழுதினாய். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் எல்லாம் பசு, கூரை, விறகு. நீ அவனை எங்கே வைத்திருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியாது. அங்கே உன் பக்கத்தில் ஒரு நாள் நிற்க வேண்டும் என்றுதான் எனக்கு இருக்கிறது. அந்த ஒரு நாளுக்கு அவர்கள் கேட்கும் விலை மூன்று வருஷம்.

இப்போதைக்கு இவ்வளவுதான். நீ அனுப்பிய மேப்பிள் சர்க்கரையை மூவரும் தேவாலயத்தில் அப்பத்தைப் பங்கு போடுவதுபோல் பங்கு போட்டுத் தின்றோம்.

உன் கணவன்,
ஓரின் பீஸ்லி


பிராண்டி ஸ்டேஷன் முகாம்
1864, ஜனவரி 4

அன்பு லவீனாவுக்கு,

புத்தாண்டு உனக்கு நல்லதாக விடிந்திருக்கட்டும். எங்களுக்குப் பனியோடு விடிந்தது. சேறு உறைந்து கல்லாகிவிட்டதால் நடப்பதற்கு இப்போது நன்றாக இருக்கிறது, விழுவதற்குத்தான் நன்றாக இல்லை.

மெரிண்டாவின் பதில் வந்துவிட்டது. நீயும் கேள்விப்பட்டிருப்பாய். இங்கே அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். தபால்காரன் ஆல்வாவின் பெயரைக் கூப்பிட்டதும் கம்பெனியே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. அவன் எங்கள் எல்லோர் முன்னாலும் பிரித்து, மெதுவாக உதட்டை அசைத்துப் படித்தான். மடித்துச் சட்டைக்குள் வைத்தான். நேராகக் கேப்டன் குடிலுக்குப் போனான். நாங்களும் பின்னாலேயே போனோம், வெட்கமில்லாமல்.

'வேணாம்னு சொல்லிட்டா சார். ஜூலையில வீட்டுக்குப் போறேன். அதுவரைக்கும் எங்க வேணா நிறுத்துங்க, முன்னால நிறுத்தினாலும் சரி.'

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய ஒரு மாத விடுப்பும் அந்தச் சொல்லில் ஆடிப்போனது. கேப்டன் மீசையை இழுத்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். போ என்று மட்டும் சொன்னார். அன்று காவல் முறை ஆல்வாவுடையது இல்லை. இருந்தும் காய்ச்சலாகக் கிடந்த ஒருவனுக்குப் பதிலாக அவனே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனான்.

இன்னொரு வேடிக்கையும் கேள். அதற்கு அடுத்த நாளிலிருந்து கம்பெனியில் மை கிடைக்கவில்லை. கல்யாணமானவன் எல்லாம் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறான். முன்பே கையெழுத்துப் போட்டவர்கள்கூட எழுதுகிறார்கள். போட்ட பிறகு என்னத்தைக் கேட்பது என்று ஒருவனைக் கேட்டேன். 'கேக்காம போட்டேன்னு சொல்லணும்ல' என்றான்.

எண்ணிப் பார்த்ததில் முக்கால் பங்குக்கு ஒரே ஓர் ஆள் குறைகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டவர்கள் சொன்னவர்கள்தான், அசைய மாட்டார்கள். எதுவுமே சொல்லாத ஆள் கம்பெனியில் ஒருவன்தான் பாக்கி. அவன் விரலில் துணி சுற்றிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு எனக்கு நடக்கும் உபசாரத்தை நீ பார்க்க வேண்டும். காலையில் கண் விழித்தால் காப்பி தயார். என் காவல் முறையை லூசியஸ் பார்க்கிறான். என் பூட்ஸுக்கு யாரோ மெழுகு போட்டு வைக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு உன் அப்பாவிடம் நான்கூட இவ்வளவு பணிவாக இருந்ததில்லை. ராணுவ மருத்துவர் வேறு, விரலைக் காட்டு, கீறிவிடுகிறேன் என்று கத்தியோடு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் கேப்டனிடம் போய்த் துணியை அவிழ்த்துக் காட்டினேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

'ஒரு கிம்பல் போதும்னு நெனச்சேன், பீஸ்லி. நீயும் கேட்டு எழுது. தவணைய நீட்டியிருக்காங்க, மாசக் கடைசி வரைக்கும்.'

இதைச் சொல்லிவிட்டுத் தன்னிடமிருந்த மைப்புட்டியையும் கொடுத்தார். அவர் தாராளம் எனக்கு இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது.

எப்படி எழுதுவது என்று ஆல்வாவைக் கேட்டேன். அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடாரியைக் கீழே வைத்தான்.

'அவங்க சரின்னு சொல்ற மாதிரி கேக்காத. வேணாம்னு சொல்ற மாதிரியும் கேக்காத. கேளு, அவ்வளவுதான்.'

சொல்வது சுலபம். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒன்றில் அழுதிருந்தேன், இன்னொன்றில் கேப்டன்போல் பேசியிருந்தேன். இதை உள்ளபடி எழுதுகிறேன்.

நான் போட்டால் பிப்ரவரியில் ஒரு மாதம் உன்னோடு இருப்பேன். நம் ஊர்ப் பையன்கள் எல்லோரும் அவரவர் வீட்டில் இருப்பார்கள். பிறகு மூன்று வருஷம், அல்லது சண்டை முடியும்வரை, அல்லது நான் முடியும்வரை. போடாவிட்டால் யாருக்கும் இந்த மாதம் கிடையாது. நான் ஜூலையில் வருவேன், நடுவில் ஒரு வசந்தகாலச் சண்டை இருக்கிறது. போட வேண்டும் என்று எனக்குள் ஒருவன் சொல்கிறான். பொய் சொல்லவில்லை. ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. இந்தப் பையன்களை முன்பின் தெரியாத கேப்டன் கையில் விட்டுவிட்டு வருவதும் பிடிக்காது. வீட்டுக்குப் போ என்று இன்னொருவன் சொல்கிறான். அவன் யார் குரலில் பேசுகிறான் என்று உனக்குத் தெரியும். நான் காதால் கேட்டே இராத மூன்று வயதுக் குரல்.

சைலஸைப் பற்றி நீ எழுதாததற்கு நான் கோபப்படவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எந்தப் பதிலை எழுதினாலும் சரி, அதை எல்லோர் முன்னாலும் நானே வாயால் சொல்வேன். ஆனால் எழுது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இந்தத் தடவை பசுவைப் பற்றி எழுதிவிடாதே.

உன்,
ஓரின்


கார்வர், வெர்மான்ட்
1864, ஜனவரி 18

என் அன்புக் கணவருக்கு,

பசு நலம். கூரையும் நலம். இனி அவற்றின் பேச்சை எடுக்க மாட்டேன்.

நான் எழுதாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரிய வேண்டும். துப்பாக்கி பிடிக்கிற கை நடுங்கிவிடக் கூடாது என்றுதான் எழுதவில்லை. உங்களுக்கு எதுவும் சொல்லாமல் இருப்பதே நான் உங்களுக்குச் செய்கிற உதவி என்று நினைத்துக்கொண்டேன். என்னை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. அக்டோபரிலிருந்து எல்லோரும் எனக்கு ரொட்டி கொண்டுவந்து தருகிறார்கள், என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

முதலில் மெரிண்டாவைப் பற்றி. முகாமிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் வழக்கம்போல் கடையில் சத்தமாகப் படிக்கப்பட்டன. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு, ஆல்வா பெண்டாட்டியைக் கேட்கிறானாம் என்று. உடனே ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவள் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போயிருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான். லூசியஸின் அம்மா திருமதி ராக் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினாள். உன் ஒரு சொல்லால் எங்கள் பிள்ளைகள் வராமல் போகலாமா என்றாள். மெரிண்டா மாவு பிசைவதை நிறுத்தவே இல்லை.

'அவரு கேட்டாரு, நான் சொன்னேன். உங்க வீட்டு ஆளுங்களும் கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? அத முதல்ல சொல்லுங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க.'

எழுந்து வந்துவிட்டோம். ஆனால் அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் அவள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு நான் போய் உட்கார்ந்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று கடையில் பாதி ஊர் நின்றது. ஒரே ஓர் ஆள் குறைகிறது என்பதும் அந்த ஆள் யார் என்பதும் எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படி, படி என்றார்கள். நான் படிக்கவில்லை. கடிதத்தைக் சட்டைக் கைக்குள் சொருகிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மாட்டுக் கொட்டகையில் நின்று படித்தேன். பிப்ரவரியில் ஒரு மாதம் என்ற இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். வாருங்கள், மூன்று வருஷம் என்ன, முப்பது வருஷம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாவது வாருங்கள் என்று எழுத வேண்டும்போல் இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன். அன்றே எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். நல்லவேளை, மை உறைந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் நான் எழுந்து நின்றேன். நம் தேவாலயத்தில் பெண்கள் எழுந்து பேசுவதில்லை என்று எனக்கும் தெரியும். போதகர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரின் என்னைக் கேட்டிருக்கிறார், நான் வேண்டாம் என்று எழுதப்போகிறேன் என்றேன். கோபம் இருந்தால் அவர்மேல் வேண்டாம், என்மேல் காட்டுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

'மூணு வருஷம் குடுக்கறோம்னு சொன்னோம். அவரு மூணு வருஷம் குடுத்தாரு. நான் மூணு வருஷமும் குடுத்தேன், சைலஸையும் குடுத்தேன். இதுக்கு மேல கேட்டா என்கிட்ட இல்ல.'

மெரிண்டா என் பாவாடையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள், விழுந்துவிடுவேன் என்று.

வெளியே வந்தபோது திருமதி ராக் என் சறுக்கு வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அவள் பிள்ளை வர மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அவனோ கையெழுத்துப் போட்டுவிட்டவன், இன்னும் மூன்று வருஷம் அங்கே இருக்க வேண்டியவன். நான் ஏறி உட்கார்ந்ததும் அவள் தோல் போர்வையை எடுத்து என் முழங்காலைச் சுற்றி இறுக்கிவிட்டாள். தன் வீட்டை நோக்கி நடந்துபோனாள். லூசியஸை நீங்கள் ஆற்றங்கரைக் குளிரில் உங்களுக்காக நிறுத்தி வைக்க வேண்டாம். அவன் முறையையும் சேர்த்து நீங்கள் பாருங்கள்.

வேண்டாம் என்று எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். உங்களுக்குள் ஒருவன் போட வேண்டும் என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவனையும் எனக்குத் தெரியும். அவனைத்தான் நான் கல்யாணம் செய்துகொண்டேன். அவனிடம் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேட்கட்டும். ஆல்வா அண்ணனிடமும் சொல்லுங்கள், அவர் கேட்டதால்தான் நீங்களும் கேட்டீர்கள், அதற்கு இந்த வீடு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

சைலஸ் மேட்டில் இருக்கிறான், உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில், மேப்பிள் மரங்களுக்குக் கீழே. இப்போது பனி மூடிக் கிடக்கிறது. ஏப்ரல்வரை எனக்கே இடம் தெரியாது. பிப்ரவரியில் வந்திருந்தாலும் இருவரும் சும்மா வெள்ளைப் பனியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். கல் இன்னும் வைக்கவில்லை. கல் வெட்டுகிறவர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் என்ன எழுதுவது என்று நான் ஒருத்தியாக முடிவு செய்ய மாட்டேன்.

கர்த்தர் உங்களையும் ஆல்வா அண்ணனையும் அந்தப் பையன்கள் எல்லோரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். முன்னால் நிறுத்தினால் நில்லுங்கள், ஓடச் சொல்ல மாட்டேன். ஆனால் ஜூலைவரைக்கும் உயிரோடு இருங்கள். அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவி,
லவீனா